முகம் தெரியாத உறவு... வாசல் தேடி வரும் சொத்து! பிரிட்டனின் 'வாரிசு வேட்டைக்காரர்கள்'

தபாலில் ஒரு கடிதம் வருகிறது. அனுப்பியவர் யாரென்றே தெரியாது. "உங்கள் உறவினர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய சொத்தில் உங்களுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. இத்துடன் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் மற்ற விவரங்களைச் சொல்கிறோம்" என்கிறது கடிதம்.

இறந்தவர் யார்? எந்த வழியில் உறவு? சொத்து எவ்வளவு? எதுவும் அதில் இல்லை. இருப்பது ஒரே ஒரு கணக்கு. கிடைக்கும் பங்கில் இத்தனை சதவீதம் எங்களுக்கு!

நம் ஊரில் இப்படி ஒரு கடிதம் வந்தால், "எவனோ ஏமாத்துப் பேர்வழி" என்று கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பிரிட்டனில் அப்படிக் கிழித்துப் போட்டால், சில சமயம் ஒரு வீட்டின் பங்கையே கிழித்துப் போட்டதாகிவிடும். ஏனென்றால், இப்படிக் கடிதம் போடுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. வம்சாவளி ஆய்வாளர்கள் என்பது அவர்களுடைய மரியாதையான பெயர். மக்கள் வைத்த பெயர், 'வாரிசு வேட்டைக்காரர்கள்'.

2007-ல் பிபிசி இவர்களுடைய அன்றாட ஓட்டத்தை 'ஏர் ஹன்டர்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகக் காட்ட ஆரம்பித்தது. காலை நேரத்தில் வந்த அந்த நிகழ்ச்சியை வருடக்கணக்கில் மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். நமக்கும் அப்படி ஒரு பெரியப்பா எங்காவது இருக்க மாட்டாரா என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை?

ஆள் இல்லாச் சொத்து அரசருக்கு!

தனியாக வாழ்ந்த ஒருவர் இறந்துபோகிறார். இறுதிச் சடங்கு செய்ய யாரும் முன்வரவில்லை. இங்கிலாந்தில் அப்போது அந்தப் பொறுப்பு உள்ளூர் மன்றத்துக்கு வந்துவிடும். 1984-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. மன்ற ஊழியர்கள் அவர் வீட்டுக்குப் போய் மேஜை இழுப்பறை, பழைய கடிதங்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள், முகவரிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உயில் இருக்கிறதா? உறவினர் பெயர் ஏதாவது கண்ணில் படுகிறதா?

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், விஷயம் லண்டனில் அரசு சட்டத் துறையின் ஒரு பிரிவுக்குப் போகும். அந்தப் பிரிவின் பெயர் 'போனா வேக்கன்ஷியா'. லத்தீன் மொழியில் 'உரிமையாளர் இல்லாத பொருள்கள்' என்று அர்த்தம். உயிலும் இல்லை, சட்டப்படியான வாரிசும் இல்லை என்றால் சொத்து அரச உரிமைக்குப் போய்ச் சேரும் என்பது அந்த நாட்டின் மிகப் பழைய வழக்கம். 1925-ம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டம் அதை எழுத்தில் உறுதிசெய்தது.

பெரும்பாலான ஊர்களில் இந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகிறது. கார்ன்வால் பகுதியில் இறந்தவர் என்றால் இளவரசர் வில்லியமின் கார்ன்வால் டச்சிக்கும், பழைய லங்காஷயர் வட்டாரம் என்றால் மன்னர் சார்லஸின் லங்காஸ்டர் டச்சிக்கும் போகும். செலவு போக மீதியை அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதாக இரண்டு டச்சிகளும் சொல்கின்றன. ஆனால், லங்காஸ்டர் டச்சி அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, வாடகைக்கு விடும் தன் சொந்தக் கட்டடங்களைச் செப்பனிடவும் செலவழித்தது என்று 2023-ல் 'கார்டியன்' நாளிதழ் செய்தி வெளியிட, அது பெரிய விவாதமாயிற்று.

கோட்டுப் பையில் இருந்த உயில்

உயில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சஃபோக் மாவட்டத்தில் ஆக்டன் என்ற ஊரில் வாழ்ந்த வில்லியம் ஜென்னன்ஸ், அந்நாளின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். திருமணம் ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. 1798-ல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு இறந்துபோனார். உயில் எழுதி வைத்திருந்தார். அது அவருடைய கோட்டுப் பையிலேயே கிடைத்தது. ஆனால், கையெழுத்து இல்லை! கையெழுத்துப் போட வக்கீலிடம் போனவர், மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போக மறந்ததால் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்வார்கள்.

அப்புறமென்ன... அவருடைய வாரிசு என்று சொல்லிக்கொண்டு இங்கிலாந்தில் மட்டுமல்ல, கடல் கடந்து அமெரிக்காவிலிருந்தும் ஆள்கள் கிளம்பினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கு மாற்றி வழக்காக ஓடிக்கொண்டே இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் எழுதிய, முடிவே இல்லாத சொத்து வழக்குக்கு இதுதான் தூண்டுதல் என்று பலர் கருதுகிறார்கள்.

மாமாவுக்குப் பங்கு உண்டு... இன்னொரு மாமாவுக்கு இல்லை!

உயில் இல்லாதவரின் சொத்து யாருக்கு என்பதற்கு இங்கிலாந்துச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் கணவன் அல்லது மனைவி. கூடவே பிள்ளைகள். அவர்கள் யாரும் இல்லை என்றால் பெற்றோர். அடுத்து உடன்பிறந்தவர்கள். அதற்குப் பிறகு, அப்பா மட்டுமோ அம்மா மட்டுமோ பொதுவாக உள்ள சகோதர சகோதரிகள். பிறகு தாத்தா பாட்டிகள். கடைசியாகப் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். அதாவது பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமா, பெரியம்மா, சித்தி. இவர்களில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அந்த இடத்துக்கு வருவார்கள்.

நம் ஊரில் தாய்மாமாவும் மாமாதான், அத்தையின் கணவரும் மாமாதான். அந்தச் சட்டத்துக்கு அது செல்லாது. ரத்த உறவான தாய்மாமாவுக்குப் பங்கு உண்டு. அத்தையைக் கட்டிய மாமாவுக்கு ஒரு பென்னி கிடையாது. தத்துப்போன பிள்ளைக்குத் தத்தெடுத்த குடும்பத்தில்தான் உரிமை. பெற்ற குடும்பத்தில் இல்லை.

எல்லை அதோடு முடிந்தது. தாத்தாவின் தம்பி பேரன் என்று ஒருவர் வந்து நின்றால், இங்கிலாந்தில் அவருக்கு இடமில்லை. சொத்து அரசருக்குத்தான். அதே பேரனுக்கு பிரான்ஸ் நாட்டில் இடம் உண்டு. அங்கே ஆறாவது தலைமுறைப் படி வரை உறவை எண்ணுகிறார்கள். இப்படித் தூரத்து உறவாக இருந்தால் அவருக்கு வருவதில் 60 சதவீதத்தை அரசு வரியாக எடுத்துக்கொள்ளும்.

பங்கு பிரிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். இறந்தவரின் வீட்டை விற்றதில் எல்லாம் போக 3,00,000 பவுண்டு மிச்சம். அவருடைய பெற்றோரின் உடன்பிறந்தவர்களில் 4 பேருக்கு வம்சம் இருக்கிறது. ஆகவே, கிளைக்கு 75,000 பவுண்டு. முதல் கிளையில் ஒரே ஒரு மகள் என்றால் 75,000 பவுண்டும் அவருக்கே. இரண்டாவது கிளையில் 3 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 25,000. ஐந்து பிள்ளைகள் உள்ள கிளையில் ஆளுக்கு 15,000. எல்லோருமே இறந்தவருக்கு ஒரே முறை உறவுதான். ஆனால், எந்தக் கிளையில் பிறந்தோம் என்பதுதான் கணக்கு.

இதனால்தான் ஒரு வாரிசு கிடைத்த உடனே வேலை முடிந்துவிடுவதில்லை. எல்லாக் கிளைகளையும் கடைசி இலை வரை கண்டுபிடித்தாக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டுப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகு அவர் வந்து நின்றால், சொத்தை நிர்வகித்தவர் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டிவரும். அதற்குப் பயந்து, விடுபட்ட வாரிசு வந்தால் சமாளிப்பதற்கென்றே காப்பீடு எடுப்பவர்களும் உண்டு.

ஸ்மித் என்றால் தலைவலி

சரி, வாரிசுகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அடிப்படை ஆயுதம், பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1-ம் தேதி முதல் அரசு இவற்றைப் பதிந்துவருகிறது. பதிவுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக அகரவரிசை அட்டவணை உண்டு. 1911 செப்டம்பர் காலாண்டு முதல், பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் சேர்த்தார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால், வாரிசு தேடுபவர்களுக்கு அதுதான் திறவுகோல். தந்தையின் குடும்பப் பெயர், தாயின் குடும்பப் பெயர் இரண்டையும் போட்டுத் தேடினால், ஒரே தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

1912 முதல் திருமண அட்டவணையில் துணைவரின் குடும்பப் பெயரும், 1969 முதல் இறப்பு அட்டவணையில் பிறந்த தேதியும் இடம்பெற்றன. இதை வைத்து ஒரு பெண் யாரைக் கல்யாணம் செய்து எந்தப் பெயருக்கு மாறினார், எப்போது இறந்தார் என்று நூல் பிடித்துக்கொண்டே போகலாம்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அங்கே 100 ஆண்டு ஆன பிறகுதான் வீட்டு வாரியான விவரத்தை வெளியிடுவார்கள். 1921-ம் ஆண்டுக் கணக்கு 2022-ல் வெளியானது. அடுத்து 1931 வர வேண்டும். ஆனால், வராது. அந்தத் தாள்கள் மொத்தமும் 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் சாம்பலாகிவிட்டன. 1941-ல் உலகப் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் இருக்கும் ஒரே துணை, போர் ஆரம்பித்தவுடன் 1939 செப்டம்பர் 29-ல் எடுத்த தேசியப் பதிவேடு. இன்று இறக்கும் முதியவர்கள் பலரும் பிறந்து வளர்ந்த காலம் சரியாக இந்த இருட்டுக்குள் விழுகிறது.

குடும்பப் பெயரும் முக்கியம். அபூர்வமான பெயர் என்றால் ஒரு காலைப் பொழுதில் குடும்ப மரத்தை வரைந்துவிடலாம். இறந்தவர் பெயர் ஜான் ஸ்மித் என்றால் தலைவலிதான். நம் ஊர் டெலிபோன் டைரக்டரியில் முருகனைத் தேடுவது மாதிரி.

பதிவேடு கைவிடும்போது கால்கள் வேலை செய்யும். இறந்தவரின் தெருவுக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். "ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கை இருப்பதாகச் சொல்வார்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி போகிறபோக்கில் சொல்லும் ஒரு வாக்கியம், ஒரு வாரத் தேடலை மிச்சமாக்கிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெறும் 10 பவுண்டு கட்டணத்தில் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அதில் கப்பலேறிப் போய்த் தொடர்பு விட்டுப்போன குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகவே 1890 முதல் 1960 வரையிலான கப்பல் பயணிகள் பட்டியலைப் புரட்டுகிறார்கள்.

வியாழக்கிழமை ஓட்டம்

போனா வேக்கன்ஷியா பிரிவு, உரிமை கோராத சொத்துகளின் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டு வந்தது. இறந்தவர் பெயர், இறந்த தேதி, ஊர், தெரிந்தால் பிறந்த தேதி, திருமண விவரம் ஆகியவை அதில் இருக்கும். சொத்தின் மதிப்பு இருக்காது.

ஒரு காலத்தில் பட்டியல் வியாழக்கிழமைதோறும் வெளியாகும். அன்று விடியற்காலையிலேயே நிறுவனங்களில் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பிபிசி தொடரின் விறுவிறுப்பே அந்த வியாழக்கிழமைதான். பிறகு, பட்டியலைத் தினந்தோறும் புதுப்பிக்கும் வழக்கம் வந்தது.

இறந்தவருக்குச் சொந்த வீடு இருந்ததா என்று நிலப் பதிவகத்தில் பார்ப்பது முதல் வேலை. வீடு இருந்தால் பந்தயம் ஆரம்பம். ஒரே சொத்துக்கு நாலைந்து நிறுவனங்கள் ஓடும். வாரிசின் வீட்டுக் கதவை முதலில் தட்டுபவருக்கே வாய்ப்பு அதிகம். இரண்டாவதாக வந்தவருக்கு அலைந்த செலவுகூடத் தேறாது.

இறந்தவரின் பெயர்தான் சரக்கு

முதலில் பார்த்த கடிதத்தில் இறந்தவர் பெயர் ஏன் இல்லை என்பதற்கு இங்கேதான் விடை. வாரிசு என்று நிரூபிக்க முடிந்தால், யார் வேண்டுமானாலும் நேராக அரசு சட்டத் துறைக்கே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ்கள் வாங்கும் செலவு தவிரப் பெரிதாக எதுவும் ஆகாது. ஆகவே, பெயரைச் சொல்லிவிட்டால் வேட்டைக்காரரின் கையில் விற்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சரக்கு!

அதற்காக அவர்களை வெறும் தரகர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தேடும் செலவு முழுக்க அவர்களுடையது. பத்துத் தேடலில் சில வீணாகும். வாரிசுக்குப் பணம் வந்தால்தான் அவர்களுக்குக் கூலி. அவர்கள் தேடிப் போகாவிட்டால், வாரிசுக்கு இப்படி ஒரு சொத்து இருந்ததே தெரிந்திருக்காது.

பிரச்னை சதவீதத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விகிதம் கேட்கும். சட்டப்படி உச்சவரம்பு இல்லை. இங்கிலாந்தில் இந்தத் தொழிலைச் செய்ய உரிமம் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாளைக்கே யாரும் பலகை மாட்டிவிடலாம். 15,000 பவுண்டு பங்கு வரும் ஒருவர் 20 சதவீதத்துக்குக் கையெழுத்திட்டால் 3,000 போகும். அதன்மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி 600. ஆகமொத்தம் 3,600 பவுண்டு போய், கையில் 11,400 மிஞ்சும். தேடல் மாதக்கணக்கில் நீண்ட சிக்கலான குடும்பம் என்றால் அது நியாயமான கூலி. அட்டவணையைப் புரட்டிய அரை நாளில் கிடைத்த விடை என்றால்? வாரிசுக்கு அது தெரிய வழியே இல்லை.

இன்னொரு முறையும் உண்டு. சொத்தை நிர்வகிக்கும் வழக்கறிஞரே, மணிக் கணக்கிலோ மொத்தத் தொகை பேசியோ ஆய்வாளரை அமர்த்துவார். குடும்பத்தில் சிலரைத் தெரியும், ஒருவர் மட்டும் எங்கே என்று தெரியவில்லை என்ற நிலையில் இது நடக்கும். அந்தச் செலவு சொத்திலிருந்தே போய்விடும். வாரிசு எந்தச் சதவீத ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியதில்லை.

பிரான்ஸ் 2006-ல் ஒரு சட்டம் போட்டது. சொத்து விவகாரத்தில் நேரடித் தொடர்பு உள்ள ஒருவர் அதிகாரம் கொடுத்தாலொழிய, யாரும் தானாகக் கிளம்பி வாரிசு தேடக் கூடாது. பெரும்பாலும் அந்த அதிகாரத்தைக் கொடுப்பவர் நோட்டரி. ஆக, அங்கே வேட்டைக்காரர்களின் காலை ஓட்டப் பந்தயத்துக்கு இடமில்லை.

கூடவே வாழ்ந்தவருக்கு?

இந்தத் தேடலில் பணத்தைவிடக் கனமான சங்கதிகளும் வெளியே வரும். கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்குப் பிறந்து தத்துப்போன ஓர் அண்ணன். போருக்குப் போன இடத்தில் அப்பா வைத்திருந்த இன்னொரு குடும்பம். அறுபது வயதில் ஒருவர், முன்பின் தெரியாத ஆள் வீட்டு வரவேற்பறையில் விரித்த குடும்ப மரத்தைப் பார்த்துத் தனக்கு ஒரு தங்கை இருந்ததையும், அவள் போன மாதம் யாருமில்லாமல் இறந்ததையும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்கிற தொழில் இது.

மிகவும் வலிப்பது இன்னொரு இடம். கல்யாணம் செய்யாமல் இருபது, முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த துணைக்கு இங்கிலாந்தின் வாரிசு வரிசையில் இடமே இல்லை. துணை உயில் எழுதாமல் போய்விட்டால், கண்ணால்கூடக் கண்டிராத பெரியப்பா பேரனுக்கு அந்த வீட்டில் பங்கு வரும். கூடவே இருந்து மருந்து கொடுத்தவர் 1975-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தனக்கு ஏதாவது ஒதுக்கும்படி கேட்க முடியும். அதற்கும் கெடு உண்டு. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் ஒருவருக்கு வழங்கிய நாளிலிருந்து 6 மாதம்.

வாரிசே இல்லாமல் சொத்து அரசருக்குப் போகிற நிலையில், இறந்தவரைக் கவனித்துக்கொண்ட துணைவரோ, காய்கறி வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரோ அரசிடம் விண்ணப்பம் போடலாம். உரிமையாகக் கேட்க முடியாது. அரசாகப் பார்த்து மனமிரங்கிக் கொடுப்பதுதான்.

போலி உயிலும் வந்தது

திறந்த பட்டியல் என்றால் நல்லவர் மட்டுமா பார்ப்பார்? யாருமில்லாமல் இறந்தவர்களின் பெயரைப் பார்த்து, போலி உயில் தயாரித்துச் சொத்தைக் கைப்பற்றும் கும்பல்கள் இருப்பதாக 2025-ல் பிபிசி புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. கேள்வி கேட்க உறவினர் யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய தைரியம். அதைத் தொடர்ந்து, மோசடி பயத்தால் அரசு அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து தற்காலிகமாக எடுத்துவிட்டது.

அதற்காக உண்மையான வாரிசின் உரிமை போய்விடாது. சொத்து நிர்வாகம் முடிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள் வரை வாரிசுகள் வந்து உரிமை கோரலாம். வட்டியும் உண்டு. அதைத் தாண்டினாலும், இறந்த நாளிலிருந்து 30 ஆண்டுகள் வரை அரசு நினைத்தால் வட்டியில்லாமல் கொடுக்கலாம்.

நம் ஊரில் வரும் கடிதம்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் இப்படி மின்னஞ்சல்கள் வருவதுண்டு. "உங்கள் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் லண்டனில் இறந்துவிட்டார். கோடிக்கணக்கான பணம் வங்கியில் கிடக்கிறது. நீங்கள் வாரிசாக நின்றால் போதும்" என்று இருக்கும். பதில் போட்டால், வரி, முத்திரைக் கட்டணம், வக்கீல் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். உண்மையான வாரிசு தேடும் நிறுவனத்துக்கும் மோசடிக்கும் எளிய வித்தியாசம் இதுதான். உண்மையானவர் தன் பங்கைச் சொத்து வந்த பிறகு எடுத்துக்கொள்வார். முன்பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். அது போக, நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். அதில் லண்டன்காரருக்கு என்ன ஒற்றுமை தெரிந்திருக்கும்?

லண்டனை விடுங்கள். நம் வீட்டுப் பணமே தேடுவாரற்றுக் கிடக்கலாம். 10 ஆண்டுகள் வரவு செலவு இல்லாத வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 7 ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்காத பங்குகள், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகும். இரண்டையும் வாரிசுகள் திரும்பக் கேட்டு வாங்கலாம். பல வங்கிகளில் உள்ள பழைய வைப்புத்தொகையை ஒரே இடத்தில் தேட, 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. இறந்த அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ போட்டுப் பார்க்கக் காசு செலவில்லை. நாமினி பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை உள்ளவர். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவுசெய்யும்.

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும், யாருமே இல்லாதவர் சொத்து அரசுக்குப் போகும் என்று 29-வது பிரிவு சொல்கிறது. ஆனால், நம் சட்டம் பங்காளி முறை, தாய்வழி முறை என்று உறவை நெடுந்தூரம் எண்ணும். தாத்தாவின் தம்பி பேரனுக்கும் இங்கே இடம் உண்டு. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

வாரிசுக் கடிதம் வந்தால்...

பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

1. வந்த அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினால், பொதுவாக 14 நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய பிரிட்டனின் நுகர்வோர் விதிகள் இடம் தருகின்றன. அப்படி ரத்து செய்யும் வழி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. அண்மையில் யார் இறந்திருக்கக்கூடும் என்று குடும்பத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயரை ஊகிக்க முடிந்தால், அரசு சட்டத் துறையிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம்.

3. சதவீதம் எவ்வளவு, அதில் வரி சேர்த்தியா, சான்றிதழ் செலவும் வக்கீல் செலவும் தனியா என்று எழுத்தில் கேளுங்கள். பேரம் பேசலாம். வேறு நிறுவனமும் உங்களைத் தேடி வரக்கூடும்.

4. சொத்தை நிர்வகிக்கும் முழு அதிகாரத்தையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். தேடிக் கொடுப்பது வேறு, நிர்வகிப்பது வேறு.

5. முன்பணம் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு விவரமும் கொடுக்க வேண்டாம்.

அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொள்ளுத் தாத்தா பெயர், பாட்டி பிறந்த ஊர், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவர் பெயர், சண்டை போட்டுக்கொண்டு பேச்சு நின்றுபோன சித்தப்பா கடைசியாக இருந்த முகவரி. அந்தச் சித்தப்பாவின் போன் நம்பர் கிடைத்தால் எழுதி வைத்துக்கொள்வதோடு நிற்காமல், ஒரு முறை கூப்பிட்டும் பேசிவிடுங்கள்.